நண்பனைக் காட்டிக்கொடுப்பது தர்மமா?



சில மாதங்களுக்கு முன் ஃபஹாஹீலில் நம் அன்பர் ஒருவரின் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டு வழிபாடு நடந்தது. தீபாராதனை முடிந்து சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் பரிமாறிக்கொண்டிருந்த நேரம். டியூஷனிலிருந்து நேரே வந்திருந்த ஒரு பையனின் புத்தகப்பை, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளின் மேல் சரிந்தது. அதிலிருந்து விரல் நீளத்தில் ஏதோ ஒன்று உருண்டு வந்தது. வீட்டுக்கார அம்மாள் அதை எடுத்துப் பார்த்து, “இது என்னப்பா, பென் டிரைவா?” என்று கேட்டார்.

பைக்குச் சொந்தக்காரன் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற அவன் நண்பன் முந்திக்கொண்டு, “ஆமா ஆன்ட்டி, என்னோடதுதான்” என்று சொல்லி, அதை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அது பென் டிரைவ் இல்லை. வேப் என்று பிள்ளைகள் சொல்லும் மின்சிகரெட். எங்களில் யாருக்கும் அன்று அது தெரியாது. மூன்று வாரம் கழித்து, பொய் சொன்ன அந்தப் பையனே ஓர் இரவு தூக்கம் வராமல் எழுந்து வந்து, தன் தாயாரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். இருவரும் பத்தாம் வகுப்பு மாணவர்கள். நண்பனின் பழக்கம் அவனுக்கு நான்கு மாதமாகத் தெரியும். இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறான். ஆனால் வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. “ஏன்டா எங்ககிட்ட சொல்லல?” என்று தாயார் கேட்டதற்கு அவன் சொன்ன பதில் இது: “சொன்னா அவனை ஊருக்கு அனுப்பிடுவாங்கம்மா. அப்புறம் அவன் ஜென்மத்துக்கும் என்கூட பேச மாட்டான்.”

இரு குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, இதை எழுதுகிறோம்.

எங்கள் நட்பு வட்டத்தில் இந்தச் செய்தி பேச்சுக்கு வந்தபோது இரண்டு கட்சிகள் உண்டாயின. “தெய்வ சந்நிதியில் நின்று பொய் சொன்னது பெரிய தவறு. அன்றைக்கே பெரியவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்” என்றது ஒரு கட்சி. “அந்த வயதில் நாமும் அப்படித்தான் நண்பனைக் காப்பாற்றியிருப்போம்” என்றது இன்னொரு கட்சி. அதுவரை பேசாமல் இருந்த ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார்: “எல்லாம் சரி. அந்தப் பையன் சொல்ல நினைத்திருந்தாலும், நம்மில் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும்?”

அறையில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் எங்களை உறுத்தியதால்தான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

சின்ன விஷயமா இது?

“ஏதோ விளையாட்டாக ஒரு தரம் இழுத்துப் பார்த்திருப்பான், இதற்கு இவ்வளவு பேச்சா?” என்று சிலர் நினைக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, புகையிலையால் உலகெங்கும் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதில் நிதானமாக யோசித்து அந்தப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். தினமும் புகைக்கும் பெரியவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் 18 வயதுக்குள்ளேயே முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள் என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அதாவது, வயது முதிர்ந்து நோயாளியாகிறவர் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே அந்தப் பாதையில் கால் வைத்துவிடுகிறார்.

மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. வளரும் மூளை நிக்கோட்டினுக்கு வெகு சீக்கிரம் அடிமையாகிறது. வேப்பில் புகையிலை இல்லை, மாம்பழ வாசனைதான் இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். வாசனை மாம்பழமாக இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே நிக்கோட்டின்தான். இந்தியாவில் 2019-லிருந்து மின்சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாமே சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளன. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளையின் பையில் அது இருந்தால் விமான நிலையத்தில் என்ன ஆகும் என்பதையும் பெற்றோர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

“கோயில், பஜனை என்று வளர்க்கிறோம். நம் பிள்ளைகள் அப்படிப் போக மாட்டார்கள்” என்ற நம்பிக்கை நமக்கு உண்டு. மேலே சொன்ன பையனும் தேவாரம் பாடுகிறவன்தான்.

சென்னையில் கண்ட உண்மை

இந்தப் பழக்கத்தைத் தடுப்பதில் பிள்ளைகளுக்கே பொறுப்புக் கொடுத்துப் பார்த்த பெரிய முயற்சி ஒன்று நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. டில்லியிலுள்ள ‘ஹிருதய்’ என்ற அமைப்பும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2004 முதல் 2006 வரை டில்லி, சென்னை ஆகிய இரு நகரங்களிலும் 32 பள்ளிகளில் அதை நடத்தினார்கள். இதய நோய் நிபுணர் டாக்டர் கே.ஸ்ரீநாத் ரெட்டி, மோனிகா அரோரா, செரில் பெரி ஆகியோர் அதில் முன்னின்றவர்கள். அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘மைத்ரி’ என்று வரும். மைத்ரி என்றால் நட்பு. பொருத்தமான பெயர்தான்.

தொடக்கத்தில் ஆறாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் படித்த 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் விவரம் கேட்டார்கள். வந்த விடை அவர்களையே திகைக்க வைத்தது. எட்டாம் வகுப்பில் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையை எப்போதாவது தொட்டுப் பார்த்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆறாம் வகுப்பிலோ ஏறத்தாழ நான்கில் ஒருவர்! பதினொரு வயதுக் குழந்தைகள். “பிளஸ் டூ வந்த பிறகு கவனித்துக்கொள்ளலாம்” என்று நினைக்கும் நமக்கு இது ஓர் எச்சரிக்கை.

பிறகு பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பள்ளிகளில் திட்டம் நடந்தது. மறு பாதியில் வழக்கமான படிப்பு மட்டும். திட்டம் நடந்த வகுப்புகளில் ஆசிரியர் சொற்பொழிவாற்றவில்லை. மாணவர்களிலேயே சிலருக்குப் பயிற்சி அளித்து, சிறு சிறு குழுக்களில் அவர்களே கலந்துரையாடலை நடத்தினார்கள். சுவரொட்டிகள் வைத்தார்கள். பெற்றோருக்கு அஞ்சலட்டைகள் சென்றன. வகுப்புக்கு வெளியிலும் பிள்ளைகளே முன்னின்று பிரச்சாரம் செய்தார்கள்.

இரண்டு ஆண்டு முடிவில், திட்டம் நடக்காத பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 68 விழுக்காடு கூடியிருந்தது. நடந்த பள்ளிகளில் 17 விழுக்காடு குறைந்திருந்தது. 2009-ல் வெளியான இந்த முடிவு, மாணவர்களே எழுதிக் கொடுத்த விடைகளைக் கொண்டு கணக்கிட்டது. ஆகவே சிறிது கூடக் குறைய இருக்கலாம். ஆயினும் ஒன்று ஏறவும் மற்றொன்று இறங்கவும் கண்டதை ஒதுக்கிவிட முடியாது.

யார் சொன்னால் காதில் விழும்?

பெரியவர்கள் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 40 கல்வி மாவட்டங்களில், 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டு அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், மூன்றாம் வகுப்பிலிருந்தே வருடா வருடம், நன்றாகத் திட்டமிட்ட பாடங்களை நடத்தினார்கள். 2000-ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. பள்ளிப் படிப்பு முடியும்போது, பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் புகைப்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. இத்தனைக்கும் அந்த ஆசிரியர்கள் மனப்பூர்வமாக உழைத்தவர்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேறு வழியில் சென்றார்கள். 59 பள்ளிகள், 12, 13 வயதுப் பிள்ளைகள் 10,000-க்கும் மேல். “உங்களில் யாரை நீங்கள் மதிக்கிறீர்கள், யார் பேச்சு உங்களிடம் எடுபடும்?” என்று பிள்ளைகளிடமே சீட்டில் எழுதி வாங்கினார்கள். அதிகம் பேர் எழுதிய பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே அழைத்துச் சென்று இரண்டு நாள் பயிற்சி அளித்தார்கள். பிறகு பத்து வாரம், பேருந்திலும் விளையாட்டு மைதானத்திலும் சாப்பாட்டு வேளையிலும், பேச்சோடு பேச்சாக நண்பர்களிடம் புகைப்பதைப் பற்றிப் பேச வேண்டும். அவ்வளவுதான். மேடை கிடையாது, பிரசங்கம் கிடையாது. அடுத்த இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்தப் பள்ளிகளில் புகைக்கும் பழக்கத்துக்கு ஆளாகும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இரண்டாம் ஆண்டில் பலன் கொஞ்சம் மங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். 2008-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இது வெளியானது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்பதை. நம்மிடம் அந்த வேலையைக் கொடுத்தால் என்ன செய்வோம்? முதல் ராங்க் வாங்குகிறவன், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கிறவன், ஆண்டு விழாவில் இறைவணக்கம் பாடுகிறவள், இவர்களைத்தான் அழைப்போம். நாம் மெச்சுகிற பிள்ளையும் பிள்ளைகள் நம்புகிற பிள்ளையும் பல நேரம் வேறு வேறு. நாம் நியமித்த பிள்ளை பேசினால், நாம்தான் அவன் வாய் வழியாகப் பேசுகிறோம் என்று மற்றப் பிள்ளைகள் கண்டுகொள்வார்கள்.

ஒரு நண்பனின் சொல்லுக்கு ஏன் இந்த வலிமை? நம் சொல்லுக்குப் பின்னால் தண்டனை நிற்கிறது. பாக்கெட் மணியை நிறுத்தலாம், போனைப் பிடுங்கலாம், கையை ஓங்கலாம். நண்பனிடம் அப்படி எந்த ஆயுதமும் இல்லை. “டேய், வேண்டாம்டா” என்று அவன் சொல்லும்போது இழப்பதற்கு இருப்பது அவனுடைய நட்பு ஒன்றுதான். அதையும் பணயம் வைத்துச் சொல்கிறான் என்பது கேட்கிறவனுக்குத் தெரியும்.

இடித்துரைத்தலும் காட்டிக்கொடுத்தலும்

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். புகையிலையைப் பற்றி அவர் சொல்லியிருக்க வழியில்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஐரோப்பியர் வருகைக்குப் பிறகுதான் நம் நாட்டுக்கு வந்தது. ஆனால் நட்பைப் பற்றி நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் வைத்தார். கூடிச் சிரிப்பதோடு நட்பு முடிந்துவிடுவதில்லை. நண்பன் வழி தவறும்போது இடித்துச் சொல்வதும் நட்பின் கடமை என்பது நம் மரபில் ஊறிய கருத்து.

ஆனால் இடித்துரைப்பது வேறு, காட்டிக்கொடுப்பது வேறு. பட்டிமன்றங்களில் விபீஷணனா, கும்பகர்ணனா என்று காலங்காலமாக வாதாடுகிறோம். ஒருவன் பிரிந்து போனான், மற்றவன் கூடவே நின்று உயிர் விட்டான். இருவருக்கும் பொதுவான ஒன்றை நாம் கவனிப்பதில்லை. இருவருமே முதலில் அண்ணனின் முகத்துக்கு நேரே, “நீ செய்வது தவறு” என்று சொன்னவர்கள். யாரும் முதலில் வெளியே போய்ப் பேசவில்லை. கர்ணனுடைய நட்பை நாம் போற்றுகிறோம். ஆயினும் துரியோதனனைத் திருத்தும் சொல் அந்த நட்பிலிருந்து வந்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்று நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

ஆகவே ‘காட்டிக்கொடுக்கலாமா’ என்ற கேள்விக்கு எங்களுக்குத் தோன்றும் விடை இதுதான். நண்பனுக்கு முதல் கடமை நண்பனிடமே. தனியாக, நேராக, மற்றவர் முன்னால் அவமானப்படுத்தாமல் சொல்ல வேண்டும். ஒரு தரம் சொன்னது போதாமல் போகலாம். பல தரம் சொல்ல வேண்டும். அவனுக்காகப் பொய் சொல்லிக் கொடுப்பதும், கடையில் வாங்கிக் கொடுப்பதும், ஒளித்து வைப்பதும் உதவி ஆகாது என்பதையும் அவனுக்கே சொல்லிவிட வேண்டும். இது தன் கையை மீறிப் போகிறது, நண்பன் விட நினைத்தும் முடியாமல் தவிக்கிறான், அல்லது இதைவிடக் கொடிய பொருளில் கை வைக்கிறான் என்று தெரிந்தால், நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் போகத்தான் வேண்டும். அப்போதும் நண்பனிடம், “நான் சொல்லப்போகிறேன், நீயும் வா” என்று சொல்லிவிட்டே போக வேண்டும். அவன் முதுகுக்குப் பின்னால் சொன்னால் அது காட்டிக்கொடுத்தல். அவனுக்குத் தெரிந்து, அவன் நலனுக்காக, அதைச் சரி செய்யக்கூடியவரிடம் மட்டும் சொன்னால் அது காப்பாற்றுதல்.

அப்படியானால் அந்தப் பையன் சொன்ன பொய்? தவறுதான். அதை அவனே உணர்ந்ததால்தான் மூன்று வாரம் தூக்கம் வரவில்லை. ஆனால் அந்தத் தவறில் எங்களுக்கும் பங்கு உண்டு.

பிள்ளைகள் தோளில் நம் சுமை

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை எழும். பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலையைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் தலையில் கட்டலாமா? நாளைக்கு அந்த நண்பன் கெட்டுப் போனால், “நான் சரியாகச் சொல்லவில்லையோ” என்று இந்தப் பிள்ளை ஆயுளுக்கும் வருந்தாதா?

இந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. எச்சரிக்கையில்லாமல் செய்தால் தீங்கும் நேரலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், தடம் மாறும் நிலையிலிருந்த இளம்பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டி வைத்து, குழுவாக அவர்களைத் திருத்த முயன்றார்கள். பிறகு பார்த்தால், அந்தக் குழுக்களில் சேர்ந்த பிள்ளைகளிடம் புகையிலைப் பழக்கம் கூடியிருந்தது. கெட்டிக்காரத்தனம் பேசி ஒருவரையொருவர் உசுப்பிவிட்டுக்கொண்டதுதான் காரணம் என்று 1999-ல் அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். ஆகவே தவறு செய்த பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்து ‘கிளாஸ்’ எடுப்பது வேண்டாம். நல்ல பழக்கம் உள்ள பிள்ளைகளுக்கு நடுவே அவர்களையும் கலந்து வைப்பதுதான் நல்லது.

பிள்ளைகளை ஒற்றர்களாக்குவதும் கூடாது. “யார் யார் செய்கிறார்கள், பெயரைச் சொல்” என்று ஒரு முறை கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை நமக்கும் பயன்பட மாட்டான், நண்பர்களுக்கும் பயன்பட மாட்டான். பிள்ளைகள் செய்யக்கூடியது பேசுவது, கூட இருப்பது, கேலி செய்யாமல் கேட்பது. நோயைத் தீர்ப்பது மருத்துவர் வேலை. வீட்டைச் சரி செய்வது பெற்றோர் வேலை.

நம் வீட்டுக் கண்ணாடி

இனி நம்மைப் பற்றி. வளைகுடாவில் வாழும் நமக்கு ஒரு வசனம் வாயில் நிற்கிறது: “ஒழுங்கா இல்லேன்னா ஊருக்கு அனுப்பிடுவேன்.” மார்க் குறைந்தாலும் இதுதான், எதிர்த்துப் பேசினாலும் இதுதான். நமக்கு அது கோபத்தில் வந்துபோகும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கோ அது நாடுகடத்தல். நண்பர்கள், பள்ளி, தாய் தந்தை, எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்து, விடுமுறையில் மட்டும் பார்த்த தாத்தா பாட்டி வீட்டிலோ விடுதியிலோ போய் விழுவது. இந்தத் தண்டனை தலைக்கு மேல் தொங்கும்போது, எந்த நண்பன் நண்பனைப் பற்றி வாய் திறப்பான்? பொய் சொல்லும்படி பிள்ளைகளை நாமே தள்ளிவிட்டு, பிறகு பொய் சொன்னான் என்று குற்றம் சாட்டுகிறோம்.

இன்னொன்று, ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற பயம். மங்காஃபில் காலையில் நடந்தது சால்மியாவில் மாலைக்குள் தெரிந்துவிடுகிற சின்ன சமூகம் நம்முடையது. ஒரு பிள்ளை தவறு செய்துவிட்டான் என்று கேள்விப்பட்டால், “அவனோடு சேராதே” என்று நம் பிள்ளையை இழுத்துக்கொள்கிறோம். அவனுக்கு மிக அதிகமாக நல்ல நண்பர்கள் தேவைப்படும் அந்த நாளில்தான் அதைச் செய்கிறோம். மிச்சமிருக்கும் நண்பர்கள் யார்? அவனோடு சேர்ந்து மாடிப்படியில் புகைத்தவர்கள்தான்.

நம் கை சுத்தமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் நம் கல்யாண வீடுகளில் வெற்றிலை, பாக்கு, சந்தனத்தோடு சிகரெட்டும் தட்டில் வைத்து நீட்டினார்கள். வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போகும் பெட்டியில் கோடாலித் தைலம், பால் பவுடர், போர்வை இவற்றோடு மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு கார்ட்டன் வெளிநாட்டு சிகரெட்டும் போனது. அதை எடுத்துக் கொடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம்தான் சொன்னோம். “தாத்தாவுக்கு நீயே கொடு, சந்தோஷப்படுவார்” என்று அனுப்பினோம். அன்பின் அடையாளமாக நாமே கையில் கொடுத்த பொருளை, பிறகு விஷம் என்று சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்?

மேலே சொன்ன சம்பவத்தில், விஷயம் தெரிந்த அன்று, வேப் பிடித்த பையனை அவன் தந்தை கடுமையாகக் கேட்டிருக்கிறார்: “உன் ஃப்ரெண்டு செய்தால் நீயும் செய்வாயா?” பையன் தலை நிமிராமல் சொன்னானாம்: “ஃப்ரெண்டு செய்யலப்பா. நீங்கதான் பால்கனியில தினமும் செய்றீங்க.” அந்தத் தந்தை இதைத் தாமாகவே எங்களிடம் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. மகனை ஊருக்கு அனுப்பவில்லை. “இருவரும் சேர்ந்து விடுவோம்” என்று சொல்லி, தம்முடைய பாக்கெட்டையும் அன்றே குப்பையில் போட்டார்.

தாமதமாகிவிட்டது என்று எண்ணும் தந்தையருக்கு ஒரு செய்தி. ரிச்சர்டு டால், ரிச்சர்டு பீட்டோ முதலிய அறிஞர்கள் பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். புகைப்பதைத் தொடர்கிறவரோடு ஒப்பிட்டால், 60 வயதில் விட்டவருக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆயுள் கூடுகிறது. 50-ல் விட்டால் ஆறு, 40-ல் விட்டால் ஒன்பது, 30-ல் விட்டால் பத்து. பிள்ளையின் கல்யாணத்தையும் பேரன் பேத்தியையும் பார்க்க அந்த ஆண்டுகள் வேண்டாமா?

ஒரு வேண்டுகோள்

நம் குடும்பங்களில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். தாங்கள் நம்பும் இரண்டு பேர் பெயரைச் சீட்டில் எழுதித் தரும்படி அவர்களிடமே கேட்கலாம். அதிகம் பேர் எழுதிய பிள்ளைகளுக்கு, நம்மிலேயே இருக்கும் மருத்துவர்கள், செவிலியர்களைக் கொண்டு, நிக்கோட்டின் உடலில் என்ன செய்கிறது, விட முயல்கிறவன் ஏன் எரிச்சலாக இருக்கிறான், நண்பனிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று சொல்லிக் கொடுக்கலாம். பையன்களுக்கு மட்டும் என்று வைக்க வேண்டாம். பெண்பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். அதன் பிறகு அவர்களைத் தனியே விட்டுவிட வேண்டும். யார் பெயரையும் அவர்களிடம் கேட்கக்கூடாது.

பெற்றோர்கள் நம் பங்குக்கு ஒரே ஒரு சத்தியம் செய்தால் போதும். நம் பிள்ளையோ பிறர் பிள்ளையோ, தானாக வந்து உண்மையைச் சொல்லும் அன்று, கையை ஓங்க மாட்டோம், ஊருக்கு அனுப்புவேன் என்று சொல்ல மாட்டோம், அந்தச் செய்தியை அடுத்த வீட்டுக்குக் கொண்டு போக மாட்டோம். அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு, “என்னிடம் வந்து சொல்லலாம்” என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது பதில் சொல்லக்கூடிய நிலை வர வேண்டும்.

அந்த இரு பையன்களைப் பற்றிக் கேட்பீர்கள். சில வாரம் பேசாமல் இருந்தார்கள். இப்போது பேசுகிறார்கள். வேப்பை விட்டவன் ஒரு தரம் மறுபடி தொட்டுவிட்டு, அன்று இரவே நண்பனுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறான். “அப்பாகிட்ட நீயே சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்” என்றானாம் இவன். மறுநாள் இருவரும் சேர்ந்தே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தந்தை கேட்டுக்கொண்டாராம். கோபப்படவில்லையாம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படிப் பக்கத்தில் நிற்கும் ஒரு நண்பனும், கேட்டுக்கொள்ளும் ஒரு வீடும் அமைய இறைவனை வேண்டுவோம். நம் வீட்டை அப்படி அமைத்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.